ராத்திரி பத்து நிமிடம், ஐந்து கேள்வி: சுயமரியாதைக்கு ஒரு நோட்டு

"நான் திறமைசாலி, நான் அழகு, என்னால் எல்லாம் முடியும்" என்று தினமும் பத்து முறை எழுதச் சொல்லும் பயிற்சிகளுக்கு யூடியூபில் பஞ்சமே இல்லை. தன்மேல் ஏற்கெனவே ஓரளவு மதிப்பு வைத்திருப்பவர்களுக்கு அதனால் கெடுதல் ஒன்றும் இல்லை. ஆனால் அந்த மதிப்பு குறைந்துபோனவர்தானே நோட்டையே கையில் எடுக்கிறார்? சிக்கல் அவருக்குத்தான். கனடாவின் வாட்டர்லூ பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஜோன் வுட்டும் சகாக்களும் 2009-இல் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். "நான் அன்புக்குரிய ஆள்" என்கிற வாசகத்தைத் திரும்பத் திரும்பச் சொன்னவர்களில் சுயமதிப்பு குறைந்தவர்கள், அதைச் சொல்லாத அதே வகையினரைவிட மோசமாக உணர்ந்தார்கள். வாய் ஒன்று சொல்லச் சொல்ல, உள்ளே ஒருவர் உட்கார்ந்துகொண்டு "அப்படியா? போன வாரம் நடந்தது மறந்துபோச்சா?" என்று கேட்பார். பாராட்டால் அவர் வாயை அடைக்க முடியாது. தேதி போட்ட ஆதாரத்தைக் காட்டினால் கொஞ்சம் அடங்குவார்.

இங்கே சொல்லும் முறை அந்த ஆதாரத்தைச் சேர்ப்பதற்கானது. மளிகைக் கடைக் கணக்கு நோட்டு மாதிரிதான்: வந்தது என்ன, போனது என்ன, பாக்கி என்ன. எனக்கு நானே கொடுத்த சொல்லைக் காப்பாற்றினேனா, பேச வேண்டிய இடத்தில் பேசினேனா, தப்புச் செய்தால் அதைச் சரிக்கட்டினேனா. ஒருவர் தன்னை மதிப்பதும் மதிக்காததும் பெரும்பாலும் இந்த மூன்றில் வந்து நிற்கும். தினமும் பத்து நிமிடம் ஆகும். ஞாயிறன்று கூடுதலாக இன்னொரு கால் மணி நேரம்.

நோட்டும் நேரமும்

புது வருஷத்துக்குக் கிடைக்கும் தேதி அச்சிட்ட டைரியை இதற்கு எடுக்காதீர்கள். நான்கு நாள் விட்டுப்போனால் நான்கு வெற்றுப் பக்கங்கள் கண்ணில் படும், ஐந்தாம் நாள் நோட்டைத் திறக்கவே மனசு வராது. கோடு போட்ட சாதாரண 192 பக்க நோட்டு போதும். நாள் ஒன்றுக்கு ஒரு தாள். வலப்பக்கத்தில் எழுதுங்கள், எதிரே இருக்கும் இடப்பக்கத்தைக் காலியாக விடுங்கள். அது ஞாயிற்றுக்கிழமைக்கு. இப்படிப் போனால் ஒரு நோட்டு ஏறக்குறைய மூன்று மாதம் வரும். நீலப் பேனா ஒன்று, சிவப்புப் பேனா ஒன்று. தோல் அட்டை போட்ட விலை உயர்ந்த நோட்டு வாங்கினால் கையெழுத்து திருந்தும், உண்மை குறையும். அழகான பக்கத்தில் அசிங்கமான விஷயத்தை எழுத யாருக்கும் கை வராது.

போனில் எழுதலாமா? வீட்டில் நோட்டை ஒளித்துவைக்க வழியே இல்லை என்றால் எழுதலாம். விமானப் பயன்முறையில் போட்டுவிட்டு எழுதுங்கள். இல்லாவிட்டால் மூன்றாவது வரியில் வாட்ஸ்அப் கூப்பிடும், பிறகு பதினொன்றரை ஆகிவிடும். ஆனால் வாரக் கடைசியில் ஏழு நாளையும் ஒரே பார்வையில் புரட்டிப் பார்ப்பதற்குக் காகிதம்தான் வசதி. இந்த முறையில் பாதிப் பலன் அந்தப் புரட்டலில் இருக்கிறது.

நேரத்தைக் கடிகாரத்தோடு கட்டாதீர்கள், ஒரு வேலையோடு கட்டுங்கள். "ஒன்பதரைக்கு எழுதுவேன்" என்பது விருந்தாளி வந்த அன்றைக்கே போய்விடும். "அடுப்பு மேடையைத் துடைத்து முடித்ததும்", "கேட்டைப் பூட்டிவிட்டு வந்ததும்" என்றால் அந்த வேலை நடக்கிற நாளெல்லாம் எழுத்தும் நடக்கும். இரவுப் பணிக்குப் போகிறவர்களுக்குப் பணி முடிந்து வீடு வந்து கைகால் கழுவிய நேரம்தான் சாயங்காலம். ஒன்று மட்டும்: படுக்கையில் படுத்துக்கொண்டு எழுத வேண்டாம். தூங்கப் போவதற்கு அரை மணி நேரம் முன்பாவது நோட்டை மூடிவிடுங்கள். தூக்கக் கலக்கத்தில் எழுதுவதில் பாதி பழைய புலம்பல்தான்.

அடுத்தது யார் கண்ணிலும் படாமல் வைப்பது. ஆறு பேர் இருக்கும் வீட்டில் தனி மேசை, பூட்டுப் போட்ட அலமாரி எல்லாம் எல்லோருக்கும் வாய்க்காது. யாராவது படித்துவிடுவார்கள் என்ற பயம் இருந்தால் அந்தப் பயத்துக்கு ஏற்றபடிதான் எழுத்து வரும், பிறகு எழுதிப் பயனில்லை. நோட்டை அலுவலகப் பையிலேயே வைத்திருக்கலாம். பெயர்களுக்கு எழுத்துக் குறி போடலாம், ஆனால் "மா" என்று எழுதிவிட்டு அது மாமியாரா மாமாவா என்று உங்களுக்கே மறந்துபோகாத குறியாக இருக்கட்டும். அட்டையில் "பால் கணக்கு" என்று எழுதிவைத்தால் பெரும்பாலான வீடுகளில் யாரும் திறக்க மாட்டார்கள். நோட்டு கிடைத்தால் அடி விழும் என்கிற வீடாக இருந்தால் முழு வாக்கியமே எழுத வேண்டாம். உங்களுக்கு மட்டும் புரிகிற இரண்டு மூன்று சொற்கள் போதும். அந்த வீட்டில் நோட்டைவிட முக்கியமான வேலை ஒன்று இருக்கிறது, அதைக் கடைசியில் சொல்கிறோம்.

எழுதும் தமிழ் பேச்சுத் தமிழாகவே இருக்கட்டும். "இன்று நான் மிகுந்த மன வேதனைக்கு உள்ளானேன்" என்று தொடங்கினால் அடுத்த வரி தானாக மேடைப் பேச்சாகிவிடும். "கடுப்பா இருந்துச்சு" என்பதில் பொய் சொல்ல இடம் குறைவு. நடுவில் ஆங்கிலச் சொல் வந்தால் வரட்டும்.

ஐந்து கேள்விகள்

முதல் கேள்வி: *இன்னிக்கு என்ன நடந்தது?* இரண்டு நிமிடம், நான்கைந்து வரி. நேரம், இடம், யார் என்ன சொன்னார், நீங்கள் என்ன செய்தீர்கள். வீடியோ கேமராவில் பதிவாகக் கூடியதை மட்டும் எழுதுங்கள். "அவன் என்னை மட்டம் தட்டினான்" என்பது கேமராவில் வராது. "கூட்டத்தில் நான் பேசிக்கொண்டிருந்தபோது அவன் போனைப் பார்த்தான்" என்பது வரும். நாட்குறிப்பு என்றாலே மனசைக் கொட்டுவது என்று நினைப்பவர்கள், புதுச்சேரியில் 1736-இல் தொடங்கி 1761 வரை ஆனந்தரங்கப் பிள்ளை எழுதியதை நினைத்துக்கொள்ளலாம். வந்த கப்பல், நடந்த வியாபாரம், துரை சொன்ன வார்த்தை என்று நடப்புகளைத்தான் அடுக்குகிறார். அந்த வறட்சிதான் இந்த முதல் கேள்விக்கு வேண்டும். நடந்ததையும் அதற்கு நாம் போட்ட அர்த்தத்தையும் பிரித்து வைக்காவிட்டால் மற்ற நான்கு கேள்விகளும் கோணலாகிவிடும்.

இரண்டாவது: *எனக்கு நானே கொடுத்த சொல் என்ன ஆச்சு?* நேற்று இரவு ஐந்தாம் கேள்வியில் எழுதிய சொல்லைத்தான் கேட்கிறது. ஒரு நிமிடம்கூட ஆகாது. "செஞ்சேன்", "பாதி", "இல்ல" என்று மூன்றில் ஒன்று. "இல்ல" என்றால் காரணம் எழுத வேண்டாம். காரணம் எழுத ஆரம்பித்தால் அது சாக்காக வளரும், இல்லாவிட்டால் திட்டாக வளரும். "பாதி" என்பதை வெட்கப்பட்டு "இல்ல" என்று மாற்றாதீர்கள். பாதி செய்ததும் ஆதாரம்தான்.

மூன்றாவதுதான் கனமானது: *எந்த இடத்துல மனசு "வேண்டாம்"னு சொல்ல, வாய் "சரி"ன்னு சொல்லிச்சு?* மூன்று நிமிடம் கொடுங்கள். மூன்று வரியில் எழுதலாம். கேட்டது என்ன, நான் சொன்னது என்ன, அடுத்த முறை சொல்லப்போகும் வாக்கியம் என்ன. கடைசி வரிதான் உயிர். பொதுவாக "உறுதியாகப் பேச வேண்டும்" என்று எழுதினால் ஒன்றும் நடக்காது. அந்த ஆளிடம், அந்த உறவு முறையில், உங்கள் வாயில் வரக்கூடிய வாக்கியமாக இருக்க வேண்டும். கடன் கேட்கிற சித்தப்பாவிடம் "என் எல்லைகளை மதியுங்கள்" என்று யாரும் சொல்லப்போவதில்லை. "இந்த மாசம் கையில இல்ல சித்தப்பா, அடுத்த மாசமும் முடியாது, வேற ஏற்பாடு பாத்துக்கோங்க" என்று சொல்ல முடியும். கவனியுங்கள், அதில் விளக்கம் கிடையாது. "பையனுக்கு ஃபீஸ் கட்டணும்" என்று ஒரு காரணம் சொன்னால், ஃபீஸ் எவ்வளவு, எப்போது கட்ட வேண்டும், தவணையில் கட்டலாமே என்று பேரம் தொடங்கிவிடும். எழுதிய வாக்கியத்தை ஒரு முறை வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள். நாக்கில் சிக்கினால் சுருக்குங்கள்.

இதே கேள்விக்கு வேறு இரண்டு பதில்களும் உண்டு. வாய் திறந்து சொல்லிவிட்ட நாளில் "சொன்னேன்" என்று எழுதி, சொன்ன வாக்கியத்தை அப்படியே பதியுங்கள். தெரிந்தே பேசாமல் விட்டிருந்தால் "தெரிஞ்சே விட்டேன்" என்று எழுதுங்கள். குடித்துவிட்டுப் பேசுகிற ஆளிடம் வாதாடாமல் நகர்ந்ததும் பயந்து தலையாட்டியதும் ஒரே கணக்கில் சேரக் கூடாது. வெளியிலிருந்து பார்த்தால் இரண்டும் மௌனம்தான், எது எது என்று உங்களுக்குத் தெரியும்.

நான்காவது: *யாருக்கு என்ன தப்பு பண்ணேன், எப்படிச் சரிக்கட்டப் போறேன்?* இதற்கும் மூன்று நிமிடம். சுயமரியாதைக்கான நோட்டில் தப்பை ஏன் எழுத வேண்டும் என்று தோன்றலாம். தன் தப்பைத் தானே பார்க்க முடியாத ஆளுக்குத் தன்மேல் உள்ளூர மதிப்பு நிற்காது. வெளியே சவடால் மட்டும் மிஞ்சும். ஆனால் எழுதும் விதம் முக்கியம். வினைச்சொல்லில் எழுதுங்கள், பட்டப்பெயரில் எழுதாதீர்கள். "பிள்ளையிடம் கத்தினேன்" என்பது ஒரு செயல், நாளைக்குச் சரிக்கட்டலாம். "நான் ஒரு மோசமான அம்மா" என்பது தீர்ப்பு, அதை வைத்துக்கொண்டு நாளைக்கு என்ன செய்ய முடியும்? செய்தது ஒரு வரி, அதனால் அவருக்கு என்ன ஆனது என்பது ஒரு வரி, பின்னணி ஒரே ஒரு வரி, நாளைக்குச் செய்யப்போவது ஒரு வரி. தப்பு எதுவும் இல்லாத நாளில் "இல்ல" என்று எழுதிவிட்டு நகருங்கள். தேடித் தோண்ட வேண்டாம்.

ஐந்தாவது: *நாளைக்கு எனக்கு நான் கொடுக்கிற ஒரே ஒரு சொல்.* மூன்று நிபந்தனைகள் உண்டு. 15 நிமிடத்துக்குள் முடிய வேண்டும். வேறு யாருடைய அனுமதியும் தயவும் தேவைப்படக் கூடாது. செய்தேனா இல்லையா என்பதில் சந்தேகம் இருக்கக் கூடாது. "நாளை முதல் ஆரோக்கியமாகச் சாப்பிடுவேன்" மூன்றிலும் தோற்கும். "மதியம் டப்பாவைக் கழுவி வைத்ததும் மொட்டை மாடியில் பத்து நிமிடம் நடப்பேன்" மூன்றிலும் தேறும். "இது நடந்ததும் இதைச் செய்வேன்" என்கிற அமைப்பில் எடுக்கும் முடிவுகள் வெறும் ஆசையைவிட அதிகம் நிறைவேறுகின்றன என்பதை உளவியலாளர் பீட்டர் கோல்விட்சர் 1990-களிலிருந்தே பல ஆய்வுகளில் காட்டியிருக்கிறார்.

இந்தக் கேள்வியைக் கடைசியில் வைத்ததற்கு இன்னொரு காரணமும் உண்டு. அமெரிக்காவின் பேலர் பல்கலைக்கழகத்தில் மைக்கேல் ஸ்கல்லின் குழு 57 பேரைத் தூக்க ஆய்வகத்தில் படுக்கவைத்துப் பார்த்தது. படுக்கும் முன் 5 நிமிடம், வரும் நாட்களில் செய்ய வேண்டியதைப் பட்டியல் போட்டவர்கள், ஏற்கெனவே முடித்ததைப் பட்டியல் போட்டவர்களைவிடச் சராசரியாக 9 நிமிடம் முன்னதாகத் தூங்கினார்கள். ஆய்வு வெளியானது 2018-இல். ஆகவே நடந்து முடிந்ததை முதலில் எழுதிவிட்டு, நாளையில் கொண்டுபோய் முடியுங்கள். அந்த ஒரு சொல்லுக்குக் கீழே கேஸ் புக் பண்ணணும், வங்கிக்குப் போகணும் என்று மண்டைக்குள் சுற்றுகிற மற்ற வேலைகளையும் இறக்கி வைக்கலாம். அவை குறிப்பு மட்டும்தான், சொல் அல்ல. மறுநாள் இரண்டாம் கேள்வி அவற்றைக் கேட்காது.

ஒரு பக்கம் எப்படி இருக்கும்

> செவ்வாய், ராத்திரி 9.40
>
> 1. 8.05 பஸ் விட்டுட்டேன், 8.20ல போனேன். மதியம் ஸ்டாக் லிஸ்ட் முடிச்சேன். 5.50க்கு மேனேஜர் வந்து இன்னொரு ரிப்போர்ட் இன்னிக்கே வேணும்னார். 7.15 வரைக்கும் இருந்தேன். பஸ்ல இருக்கும்போது அம்மா போன். "சும்மா சும்மா ஏம்மா பண்ற"ன்னு கத்தினேன்.
> 2. மதியம் பத்து நிமிஷம் நடக்கறது: பாதி.
> 3. 5.50. மனசு: முடியாது. வாய்: சரி சார். அடுத்த தடவை: "சார், இப்ப கிளம்பணும். நாளைக்கு 11 மணிக்குள்ள குடுத்துடறேன்."
> 4. அம்மாகிட்ட கத்தினேன். ஒண்ணும் சொல்லாம வெச்சுட்டாங்க. கோபம் மேனேஜர் மேல. காலைல பேசணும்.
> 5. நாளைக்கு: பஸ் ஸ்டாப்புக்குப் போனதும் அம்மாவுக்குப் போன் பண்ணி "நேத்து கத்தினது தப்பும்மா"ன்னு சொல்றது.

இவ்வளவுதான். இதில் கவிதையும் இல்லை, தன்னைப் பாராட்டும் வரியும் இல்லை. ஆனால் மூன்றாவதையும் நான்காவதையும் அடுத்தடுத்துப் படித்துப் பாருங்கள். 5.50-க்கு விழுங்கிய "முடியாது" பஸ்ஸில் அம்மாமேல் விழுந்திருக்கிறது. வாயடைத்து நிற்கிற இடம் ஒன்று, வெடிக்கிற இடம் இன்னொன்று. எழுதாத நாளில் "இன்னிக்கு ஏனோ எரிச்சலா இருந்தேன்" என்பதோடு இந்த முடிச்சு காணாமல் போய்விடும். நான்காவதில் வந்த கடன் அப்படியே ஐந்தாவதில் சொல்லாக இறங்கியிருப்பதையும் கவனியுங்கள். அப்படி இறங்கும் நாட்களில் புதிதாக ஒரு சொல்லைத் தேட வேண்டியதில்லை.

முதல் இரண்டு வாரம்

முதல் நாளே ஐந்து கேள்விக்கும் உட்காராதீர்கள். முதல் மூன்று நாள் ஒன்றும் ஐந்தும் மட்டும். நான்காம் நாளிலிருந்து இரண்டாவதைச் சேருங்கள். இரண்டாவது வாரத்தில் மூன்றாவதையும், அது கைக்கு வந்தபின் நான்காவதையும் சேருங்கள். நான்காவது கடைசியில் வருவது வேண்டுமென்றேதான். தன்னைத் திட்டியே பழகிய ஆளுக்கு, காப்பாற்றிய சொல் நோட்டில் ஒன்றுகூட இல்லாதபோது தப்பை எழுதச் சொன்னால் நோட்டு முழுக்கத் திட்டாகிவிடும். முதலில் வரவு கொஞ்சம் சேரட்டும்.

முதல் வாரத்தில் உங்களுக்கு நீங்களே கொடுக்கும் சொல் சிரிப்பு வரும் அளவுக்குச் சின்னதாக இருக்கட்டும். "எழுந்ததும் ஒரு டம்ளர் தண்ணீர்" போதும். ஏழில் ஐந்து காப்பாற்றினால் அடுத்த வாரம் கொஞ்சம் பெரிதாக்கலாம். ஏழில் மூன்றுக்குக் கீழே போனால் ஆள் சோம்பேறி என்று அர்த்தமில்லை, சொல் பெரிதாகப் போய்விட்டது. பாதியாகக் குறையுங்கள்.

எங்கே கெடும்

அதிகம் கெடுவது ஒரே புலம்பலைத் திரும்பத் திரும்ப எழுதுவதில்தான். அடையாளம் எளிது: மூன்று நாளாக ஏறத்தாழ ஒரே வாக்கியம். அதைக் கூர்ந்து பார்த்தால் பெரும்பாலும் "ஏன்" என்று தொடங்கியிருக்கும். "எனக்கு மட்டும் ஏன் இப்படி?", "அவ ஏன் அப்படிச் சொன்னா?" மனம் தளர்ந்த நேரத்தில் "ஏன்" கேட்டால் பதில் வராது, அதே கேள்விதான் இன்னும் கனமாகத் திரும்பி வரும். அமெரிக்க உளவியலாளர் சூசன் நோலன்-ஹோக்ஸிமா இந்த அசைபோடுதலைப் பல ஆண்டுகள் ஆராய்ந்தார். அது மனச்சோர்வை நீட்டிக்கிறது என்பதே அவர் கண்டது. எனவே "ஏன்" வருகிற இடத்தில் "என்ன", "எப்போ", "எப்படி" போட்டு வாக்கியத்தைத் திருப்புங்கள். "அவ ஏன் அப்படிச் சொன்னா?" என்பதற்குப் பதில் "அவ அதைச் சொன்னப்ப நான் என்ன செஞ்சேன்? அடுத்த தடவை என்ன செய்யப்போறேன்?" பத்து நிமிடம் ஆனதும் வாக்கியத்தின் நடுவில் நின்றாலும் நோட்டை மூடுங்கள். அலாரம் வைத்துக்கொண்டால் தப்பில்லை.

இன்னொன்று, நோட்டு நீதிமன்றமாகிவிடுவது. "எப்பவும்", "ஒருநாளும்", "எல்லாரும்", "யாருமே" என்ற சொற்கள் கண்ணில் பட்டால் அங்கே வழக்கு நடக்கிறது என்று பொருள். "நான் எப்பவும் தாமதம்" என்று எழுதியிருந்தால் அதை அடித்துவிட்டு, இந்த வாரம் எத்தனை நாள், எத்தனை நிமிடம் என்று எண்ணை எழுதுங்கள். பெரும்பாலும் எண் அந்தச் சொல்லைவிடச் சிறியதாக இருக்கும். அதற்கும் கேட்கவில்லையா? "நான்" என்பதை எடுத்துவிட்டு உங்கள் பெயரைப் போட்டு எழுதுங்கள்: "செல்வி இன்னிக்கு லேட். அவளுக்குக் காலைல என்ன நடந்தது?" கொஞ்சம் கோமாளித்தனமாகத் தோன்றும். ஆனால் தன்னையே பெயர் சொல்லிப் பேசுவது கொந்தளிப்பைக் குறைக்கிறது என்று ஈதன் கிராஸும் குழுவினரும் 2014-இல் வெளியிட்ட ஆய்வுகள் காட்டுகின்றன. அடுத்த வீட்டுப் பெண்ணைப் பற்றி எழுதும்போது யாரும் இவ்வளவு கடுமை காட்டுவதில்லை.

"இன்னிக்கு யார் என்னைப் பாராட்டினாங்க?" என்ற கேள்வியைச் சிலர் தாங்களாகவே சேர்த்துக்கொள்வார்கள். சேர்க்காதீர்கள். யாரும் பாராட்டாத நாளில் அந்த வரி காலியாக நிற்கும். உங்கள் மதிப்பு மறுபடியும் அடுத்தவர் வாயில் போய் உட்கார்ந்துகொள்ளும். லைக் எண்ணிக்கையும் அதே ரகம்.

விட்டுப்போன நாளைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. லண்டனில் ஃபிலிப்பா லாலி குழு பழக்கம் படிவதைப் பற்றி வெளியிட்ட ஆய்வில், செயல் தானாக நடக்கும் நிலைக்கு வரச் சராசரியாக 66 நாள் ஆனது, ஆளுக்கு ஆள் 18 முதல் 254 நாள் வரை வேறுபட்டது. நடுவில் ஒரு நாள் விட்டது கணக்கைப் பெரிதாகப் பாதிக்கவில்லை. விட்ட நாளை மறுநாள் உட்கார்ந்து நிரப்பாதீர்கள். தேதியை மட்டும் போட்டு, இன்றையதை எழுதுங்கள். காய்ச்சல், கல்யாணம், பிரயாணம் என்றால் ஐந்தாம் கேள்வி மட்டும் ஒரு வரி போதும்.

ஞாயிற்றுக்கிழமை

சிவப்புப் பேனாவை எடுத்துக்கொண்டு ஏழு பக்கத்தையும் படியுங்கள். மூன்று விஷயங்களை மட்டும் பாருங்கள். காப்பாற்றிய சொற்கள் எத்தனை, பாதியையும் சேர்த்து. மூன்றாம் கேள்வியில் திரும்ப வரும் ஆளோ இடமோ நேரமோ எது. உங்கள் தோழியிடம் நீங்கள் சொல்லவே மாட்டாத வாக்கியம் உங்களைப் பற்றி எங்காவது இருக்கிறதா. இருந்தால் அடிக்கோடு போட்டு, எதிரே காலியாக விட்ட இடப்பக்கத்தில், அதே விஷயத்தை அவளிடம் எப்படிச் சொல்வீர்களோ அப்படி எழுதுங்கள். பொய்யாகத் தேற்ற வேண்டாம். தோழி தாமதமாக வந்திருந்தால் "நீ லேட்தான், ஆனா வீட்ல நடந்தது அப்படி, நாளைக்குச் சீக்கிரம் கிளம்பு" என்றுதானே சொல்வீர்கள்? அதையே எழுதுங்கள்.

மாற்றம் தெரிகிறதா என்று பார்க்க ஆசை இருந்தால் மாரிஸ் ரோசன்பெர்க் 1965-இல் வகுத்த சுயமதிப்பு அளவுகோலைப் பயன்படுத்தலாம். பத்து வாக்கியங்கள், ஒவ்வொன்றுக்கும் நான்கு தெரிவுகள். தொடங்கும் நாளில் ஒரு முறை, இரண்டு மாதம் கழித்து ஒரு முறை. வாரா வாரம் போட்டால் எடை பார்க்கும் இயந்திரத்தின்மேல் ஏறி ஏறி இறங்கும் கதையாகிவிடும். நோயைக் கண்டறியும் கருவி அல்ல அது என்பதும் நினைவிருக்கட்டும்.

மூன்றாம் கேள்வியில் ஒரே ஆள் வாரத்துக்கு நான்கு முறை வருகிறார், நீங்கள் எழுதிய வாக்கியத்தைச் சொல்லியும் பார்த்துவிட்டீர்கள், எதுவும் மாறவில்லை என்றால் பிரச்சினை உங்கள் மனசில் இல்லை. 1925-இல் தமிழ்நாட்டில் தொடங்கிய சுயமரியாதை இயக்கம் யாரையும் தனியாக உட்கார்ந்து மனசைத் திருத்திக்கொள்ளச் சொல்லவில்லை, மனிதரை இழிவுபடுத்தும் வழக்கங்களோடு மோதியது. நோட்டு இந்த இடத்தில் வேறு வேலைக்கு உதவும். தேதி, நேரம், சொன்ன வார்த்தை, அருகில் இருந்தவர் என முதல் கேள்வியில் நீங்கள் எழுதிவைத்தது புகாருக்கு அடிப்படை. இந்தியாவில் பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில், பெண்களுக்கு நேரும் பாலியல் தொல்லை குறித்த புகாரைக் கேட்க உள்ளகக் குழு இருக்க வேண்டும் என்கிறது 2013-ஆம் ஆண்டுச் சட்டம். சம்பவம் நடந்து மூன்று மாதத்துக்குள் புகார் கொடுக்க வேண்டும் என்பதால் தேதி மிக முக்கியம்.

நோட்டை மூடிவைக்க வேண்டிய நேரம்

கனமான விஷயங்களை எழுதியதும் மனசு சற்று இறங்குவது இயல்பு. எழுத்து மூலம் மனதை ஆற்றுவது பற்றிய ஆய்வுகளைத் தொடங்கிவைத்த ஜேம்ஸ் பென்னிபேக்கர், 1986-இல் சாண்ட்ரா பீலுடன் வெளியிட்ட முதல் ஆய்வில் மாணவர்களை நான்கு நாள், தினம் 15 நிமிடம் எழுதவைத்தார். மோசமான அனுபவத்தையும் அதன் உணர்வையும் சேர்த்து எழுதியவர்கள் எழுதி முடித்த கையோடு சோர்ந்துதான் இருந்தார்கள். பிந்தைய மாதங்களில்தான் அவர்கள் மருத்துவ மையத்துக்குப் போவது குறைந்தது. அந்த முறையும் இதுவும் ஒன்றல்ல. பெரிய இழப்பு, வன்முறை, சிறுவயதுக் காயம் போன்றவற்றைத் தூங்கப் போகும் நேரத்தில் தனியாக உட்கார்ந்து தோண்டுவதற்கு இந்த ஐந்து கேள்விகள் ஏற்றவை அல்ல. எழுதும்போது கை நடுங்கினாலோ, எழுதிய பிறகு தூக்கமே வராவிட்டாலோ, அந்த விஷயத்தை விட்டுவிட்டு ஐந்தாம் கேள்விக்குப் போய்விடுங்கள். பகலில், தெரிந்த ஆலோசகர் ஒருவரோடு அதைப் பேசலாம்.

இரண்டு வாரத்துக்கு மேல் எதிலும் நாட்டமில்லாமல், தூக்கமும் பசியும் கெட்டுக் கிடந்தால் மருத்துவரைப் பாருங்கள். செத்துப்போகலாம் என்ற எண்ணம் நோட்டில் ஒரு வரியாக வந்தாலும் அன்றிரவே யாரிடமாவது சொல்லுங்கள். இந்தியாவில் டெலி-மானஸ் என்கிற அரசு மனநல உதவி எண் 14416, இலங்கையில் தேசிய மனநல உதவி எண் 1926. நோட்டைப் பார்த்தால் அடி விழும் என்கிற வீட்டில் இருக்கும் பெண்களுக்கு முதல் வேலை, இந்தியாவில் பெண்கள் உதவி எண்ணான 181-ஐ வேறு பெயரில் போனில் பதிந்துவைப்பது.

நோட்டு தீர்ந்த பிறகு

மூன்று மாதத்தில் நோட்டு நிறைந்ததும் கடைசி ஞாயிறன்று முதல் வாரத்தையும் கடைசி வாரத்தையும் மட்டும் படியுங்கள். நடுவில் உள்ளதைப் படிக்க வேண்டியதில்லை. வாயில் வரப் பழகிய இரண்டு மூன்று வாக்கியங்களைப் புது நோட்டின் முதல் பக்கத்தில் எடுத்தெழுதிக்கொள்ளுங்கள். புகாருக்குத் தேவைப்படக்கூடிய பக்கங்கள் இருந்தால் போட்டோ எடுத்துப் பத்திரப்படுத்துங்கள், அந்தத் தாள்களையும் எடுத்து வையுங்கள்.

மீதியை வைத்திருப்பதும் அழிப்பதும் உங்கள் விருப்பம். அழிப்பதானால் முழு நோட்டாகப் பழைய பேப்பர் கடைக்குப் போடாதீர்கள். பிறகு உங்கள் செவ்வாய்க்கிழமையைத் தெருமுனையில் யாராவது வேர்க்கடலை தின்றுகொண்டே படிப்பார்கள். தாள்களைக் கிழித்து ஒரு வாளித் தண்ணீரில் இரவு முழுக்க ஊறவைத்து, காலையில் பிசைந்து கூழாக்கிவிட்டுக் குப்பையில் போடுங்கள். பால்பாயிண்ட் மை தண்ணீரில் அழியாது, ஆகவே ஊறவைத்தால் மட்டும் போதாது, பிசைய வேண்டும்.